சிலிப் வட்சப்பில் வந்தது, காசு மட்டும் போய்ச் சேரவில்லை

திருகோணமலைப் பக்கம் சிறு தொழில் செய்பவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். கிண்ணியாவில் அரிசி ஆலை வைத்திருக்கும் நண்பர் போன கிழமை கதைக்கும்போது, ‘லேபர் ஒபிஸ் வேலையெல்லாம் பார்த்துத் தருகிறேன்’ என்று ஒருவர் வந்து போகிறார் என்றார். நான் ஏமாந்ததும் அச்சு அசலாக இதே பேச்சில்தான்.

பாலையூற்றில் மிளகாய்த்தூள், அரிசிமா, சரக்குத்தூள் அரைத்துப் பக்கெட் போடும் சின்ன இடம் என்னுடையது. வேலைக்கு ஒன்பது பேர், அதில் ஏழு பேர் பெண்கள். சேமலாப நிதி (EPF, வேலையாட்கள் பெயரில் மாதாமாதம் கட்டும் சேமிப்பு) கணக்குவழக்கெல்லாம் என் மச்சான்தான் பார்த்து வந்தார். 2025 சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு அவர் கத்தாருக்குப் போய்விட்டார். அந்த இடைவெளியில் வந்து சேர்ந்தவர்தான் ‘சேர்’. தொழில் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவராம். வெள்ளைச் சேட், கக்கத்தில் கோப்பு, வாய்க்கு வாய் ‘தம்பி’. மாதம் 6,000 ரூபா கேட்டார். அடையாள அட்டையைக்கூட நான் பார்க்கவில்லை. ஒருவரைச் சேர் என்று கூப்பிட்டுவிட்டால் அப்புறம் எதையும் கேட்க நா எழாது.

காலமும் குழப்பமான காலம். அதுவரை குறைந்தபட்சச் சம்பளம் 17,500, அதற்கு மேல் இரண்டு நிவாரணப் படிகள் சேர்ந்து 3,500. அந்தப் படிகளையும் உள்ளே எடுத்து 27,000 ஆக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வருடத் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. திருத்தச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியதோ ஜூலையில். ஆனால் கணக்கு ஏப்ரல் 1 முதல். அதாவது கொடுத்து முடித்த நான்கு மாதச் சம்பளத்துக்கும் ஆளுக்கு 6,000 வீதம் நிலுவை. ஒன்பது பேருக்கு 2,16,000. மிளகாய் விலை ஏறியிருந்த நேரத்தில் அதைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது.

சேர் சிரித்தார். “பதினைந்து பேருக்குக் குறைவான இடத்துக்கு இந்தச் சட்டம் வராது தம்பி.”

பதினைந்து என்ற எண் சட்டத்தில் இருப்பது உண்மைதான். வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் பணம் பற்றிய 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தில் இருக்கிறது, வேலையை விட்டு நிறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் சேமலாப நிதிக்கும் அப்படி ஒரு வரம்பே கிடையாது, ஒரு ஆளை வைத்திருந்தாலும் கொடுக்க வேண்டும். அரை உண்மையை அவர் இடம் மாற்றி வைத்தார். எனக்கும் அது வசதியாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

வானொலியில் கேட்டுவிட்டுப் பெண்களே வந்து விசாரித்தபோது சேர் அடுத்த வழி சொன்னார். அடிப்படைச் சம்பளம் 17,500 என்றே எழுது, மிச்சம் 9,500ஐ ‘வருகைக் கொடுப்பனவு’ என்று போடு, கையில் 27,000 போனால் யாரும் கேட்கமாட்டார்கள். இப்படிச் செய்தால் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 வீதம் ஆளுக்கு 3,240க்குப் பதில் 2,100தான். ஓகஸ்டில் இருந்து அப்படியே செய்தேன்.

இதெல்லாம் தவறான ஆலோசனை. அதைவிடப் பெரியது பின்னால் வந்தது. மச்சான் இருந்தபோது யாருக்கு எவ்வளவு என்று காட்டும் சீ படிவத்தோடு காசோலை எழுதி அவரே வங்கிக்குக் கொண்டுபோவார். சேரோ, வரிசையில் நிற்பது தன் வேலை, காசாகத் தந்துவிடு என்றார். மே முதல் டிசம்பர் வரை எட்டு மாதம், சேமலாப நிதியும், முதலாளி தனியாகக் கட்டும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியுமாக (ETF) மாதம் 36,225 எண்ணிக் கொடுத்தேன். மொத்தம் 2,89,800. ஒவ்வொரு மாதமும் வங்கி முத்திரை குத்திய சிலிப்பின் படம் வட்சப்பில் வந்துவிடும். நானும் பெருவிரல் காட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

பக்கெட் ஒட்டும் பிள்ளை ஒன்று கல்யாணத்துக்காக வேலையை விட்டது. திருமணத்துக்காக விலகும் பெண்கள் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பதால் கே படிவத்தோடு தொழில் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள். “அண்ணா, மே மாதத்தில் இருந்து ஒரு சதமும் விழவில்லையாம்.”

அன்று இரவு எட்டுப் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எட்டிலும் முத்திரை ஒரே சரிவு, ஒரே மூலையில் ஒரே மைப்பொட்டு. திகதி மட்டும் மாறியிருந்தது. சேரின் தொலைபேசி அதற்குள் அணைந்துவிட்டது.

மறுநாள் நானே அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, யாரிடம் காசு கொடுத்தீர்கள் என்பது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம், தொழில்தருநர் நீங்கள்தான் என்றார். அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டாத தொகைக்கு மிகைக்கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம். என் மே மாதக் கணக்கு அன்றைக்கே 40 வீதத்தில் நின்றது. அதுவும் 17,500க்கு அல்ல, 27,000க்குக் கணக்குப் பார்த்து. வேலையாட்களின் பங்கான 8 வீதத்தில் அன்றே பிடிக்காமல் விட்ட குறையை இப்போது அவர்களின் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது. பொலிஸில் முறைப்பாடு எழுதியாயிற்று. ரசீது எங்கே என்றார்கள், வட்சப்பைக் காட்டினேன்.

இப்போது காசோலையும் சீ படிவமும் நானே வங்கிக்குக் கொண்டுபோகிறேன். கட்டிய பிரதியை அரைக்கும் மெசினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுகிறேன். முதல் நாள் அதை எல்லோரும் கிட்டப் போய் விரலால் தடவிப் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. 2026 ஜனவரியில் இருந்து குறைந்தபட்சச் சம்பளம் 30,000, அதற்கும் காசு புரட்ட வேண்டும். ஏப்ரல் முதலான நிலுவையைத் தவணையாகக் கொடுத்து வருகிறேன், இன்னும் இரண்டு தவணை இருக்கிறது. அந்தப் பிள்ளையின் மாதங்களை மட்டும் மனைவியின் காப்பை அடகு வைத்து முதலில் கட்டினேன், கல்யாணம் வைகாசியில்.