ஃப்ரீகேட்: போதுமா என்று கேட்ட நண்பருக்கு

பெங்களூரு பீன்யாவில் ஜிக், ஃபிக்ஸ்சர் (வேலைப்பொருளைப் பிடித்து நிறுத்தும் சாதனங்கள்) செய்யும் பட்டறை போடப்போகும் நண்பர், பாகங்களைக் கணினியில் வரைய "ஃப்ரீகேட் மென்பொருள் மட்டும் போதுமாண்ணா?" என்று கேட்டார். இலவசம், லினக்ஸிலும் ஓடும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஸ்கெட்சுக்கு, அதாவது தட்டையான கோட்டுப் படத்துக்கு, 'பேட்' கட்டளையால் கனம் கொடுத்துத் திடப்பொருள் ஆக்குவது எனக்கு இன்றும் பிடித்த வேலை. எல்லா அளவும் கட்டுப்பட்டதும் கோடுகள் பச்சையாகும், 12 மி.மீ. என்று போட்டால் தகடு எழும்பி நிற்கும். பொருளைக் குடையும் 'பாக்கெட்' கட்டளைக்கு ஆழத்தை எண்ணாகத் தராமல் 'த்ரூ ஆல்' என்று விட்டால், பிறகு தகட்டின் கனத்தை மாற்றினாலும் ஓட்டை அந்தப் பக்கம் வரை போய்விடும். பொருளின் ஒரு முகத்தின் (பரப்பின்) மேல் வரைந்த ஸ்கெட்ச், மாடலை மாற்றும்போது வேறு முகத்துக்குத் தாவும் பழைய தொல்லையும், 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் பெருமளவு குறைந்துவிட்டது.

என் கோபமெல்லாம் வாடிக்கையாளரின் டிஎக்ஸ்எஃப் (வேறு மென்பொருளில் வரைந்த படத்தின் கோப்பு) வரும்போதுதான். அதை ஸ்கெட்சாக மாற்றிப் பேட் கொடுத்தால் முடியாது என்று நிற்கும். திரையில் எல்லாக் கோடும் சேர்ந்தே தெரியும். ஆனால் எங்கோ ஒரு வளைவின் நுனிக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே 0.01 மி.மீ. இடைவெளி இருக்கும், இல்லையென்றால் ஒரே கோடு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை விழுந்திருக்கும். சுற்று மூடவில்லை என்றால் உள் எது, வெளி எது என்று ஃப்ரீகேடுக்குத் தெரியாது, கனம் கொடுக்கவும் முடியாது. அது நியாயம்தான். எந்த மூலையில் திறந்திருக்கிறது என்று அந்தப் பிழைச் செய்தியே காட்டக் கூடாதா?

மருந்து இல்லாமல் இல்லை. ஸ்கெட்சை மூடி வெளியே வந்து, 'வேலிடேட் ஸ்கெட்ச்' கொடுத்தால் திறந்த நுனிகளைக் காட்டும். விட்டுப்போன இணைப்புகளை டாலரன்ஸ் (எவ்வளவு இடைவெளி வரை ஒட்டலாம் என்ற அளவு) வைத்துத் தேடி ஒட்டும். டாலரன்ஸை மட்டும் கண்டபடி ஏற்றக் கூடாது. தனித்தனியாக இருக்க வேண்டிய நுனிகளும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அளவு போச்சு. சரிசெய்து, திரும்பப் பேட் கொடுத்து, அடுத்த இடைவெளியில் மாட்டி, மறுபடி வெளியே வந்து... லேசர் கட்டிங்காரர் போன் மேல் போன் போடும் சாயங்காலத்தில் இதைச் செய்து பார்த்தால் புரியும்.

இவ்வளவு பாராட்டியும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவருக்கு வரப்போகும் ஆர்டரில் பாதிக்கு மேல் பிறர் வரைந்த டிஎக்ஸ்எஃப். கோப்பைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு பையனை வைத்துக்கொள்ள முடிந்தால் மட்டும் யோசிக்கலாம்.