மருதானைப் பழைய புத்தகக் கடை: அணு விஞ்ஞானிகள் கட்டுக்காகவே போகலாம்

டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கும் கடைகளில் பெரும்பாலும் பாடப் புத்தகமும் பாஸ்ட் பேப்பரும்தான். நான் சொல்லும் கடையில் நானா ஒருவர் பழைய ஆங்கிலச் செய்தி இதழ்களை விஷயவாரியாகப் பிரித்துக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். சோவியத் உடைந்த பிறகு அங்கிருந்த அணு விஞ்ஞானிகள் எந்த நாட்டுக்குப் போய்விடுவார்களோ என்று எல்லோரும் பயந்த காலத்துக் கட்டு ஒன்றை வாங்கினேன். கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது.

வெறும் பீதி இல்லை அது. 1992இல் வடகொரியாவுக்குக் கிளம்பிய ரஷ்ய ஏவுகணை நிபுணர்களை மொஸ்கோ விமான நிலையத்திலேயே மறித்திருக்கிறார்கள். 1996இல் ஸ்நெசின்ஸ்க் அணு ஆயுத ஆய்வகத்தின் இயக்குநர் விளாதிமிர் நெச்சாய், ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் போட முடியாத நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். வாசித்துவிட்டு வெகுநேரம் அடுத்த பக்கம் திருப்ப மனம் வரவில்லை. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், ரஷ்யா சேர்ந்து 1994இல் மொஸ்கோவில் ஒரு மையம் தொடங்கி, இப்படிப்பட்டவர்களுக்கு ஆயுதம் சாராத ஆய்வுக்குப் பணம் கொடுத்தார்கள். சரியான வேலை, இன்னும் முன்னாடியே செய்திருக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கட்டு ரஷ்யாவைத் தவிர வேறு பக்கம் பார்க்கவே இல்லை. 1970களில் நெதர்லாந்தில், யுரேனியத்தைச் செறிவூட்டும், அதாவது அணு உலைக்கோ குண்டுக்கோ ஏற்றதாக்கும், யுரென்கோ நிறுவனத்துக்கு வேலை செய்த இன்னொரு நிறுவனத்தில் நல்ல உத்தியோகத்தில் இருந்த பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துல் கதீர் கான், அந்தச் செறிவூட்டலைச் செய்யும் மையவிலக்கு இயந்திரத் தகவல்களோடு 1975 கடைசியில் பாகிஸ்தான் திரும்பினார், அப்புறம் அது ஈரான், லிபியா, வடகொரியா என்று போனது. அந்த மனிதருக்குச் சம்பளப் பிரச்சினையே இல்லை! 2003 ஒக்டோபரில் லிபியாவுக்குப் போன கப்பலில் பிடிபட்ட மையவிலக்கு இயந்திரப் பாகங்கள் மலேசியாவில் செய்யப்பட்டவை, அந்த ஏற்பாட்டின் நடுவில் இருந்ததாக 2004இல் அமெரிக்க ஜனாதிபதி புஷ் பெயர் சொன்ன பி.எஸ்.ஏ. தாஹிர் நம் இலங்கைக்காரர். கொழும்பில் இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே கவலை.

குறைகள்: சரியான தூசி, சில இதழ்களில் நடுப்பக்கம் இல்லை, கயிற்றை அவிழ்த்துப் பார்க்க விடமாட்டார். தமிழ் இதழ் ஒன்றுகூட இல்லை. விலை பேசலாம்.

கான் விவகாரக் கட்டு பாகிஸ்தான் குவியலில் தனியாகக் கிடக்கிறது. "ரெண்டையும் ஒண்டாக் கட்டி வெக்கிறேன் தங்கச்சி" என்று நானா சொல்லியிருக்கிறார். போனால் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள், ரஷ்யக் கட்டு மட்டும் என்றால் கதை பாதிதான்.