ஹட்டனில் ஒரு வாசிப்பறை, போனுக்கு இடமில்லை

இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் மாடியில் இருக்கும் இந்த வாசிப்பறையை ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லலாம். வாசலிலேயே போனை வாங்கி இலக்கம் போட்ட பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள், இடைவேளைக்குத்தான் திரும்பக் கிடைக்கும், என் பார்வையில் இவர்கள் செய்யும் மிகப் பெரிய உதவி இதுதான். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொள்கிறது என்று ஆய்வாளர் சோஃபி லெரோய் 2009இல் வந்த ஆய்வில் காட்டியிருக்கிறார், வாட்ஸ்அப்பை எட்டிப் பார்த்துவிட்டுக் கணக்குக்குத் திரும்பும் பிள்ளைக்கு நடப்பதும் அதுதான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் டிவிக்கும் சமையலுக்கும் நடுவில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த அமைதி பெரிய விஷயம். என் மகள் இப்போது இணைந்த கணிதத்தில் இரண்டு பக்கம் நீளும் கணக்கைக்கூட நடுவில் விடாமல் முடிக்கிறாள். குறை என்றால், மாலையில் பக்கத்து ரியூசனின் மைக் சத்தம். ஜன்னலோர மேசை மட்டும் வேண்டாம்.