எடையா, எண்ணிக்கையா, தைத்த பிளாக்கா? கண்டாங்கித் துணி மாற்றிக்கொள்ள நான்கு வழிகள்

ஒட்டுப்போர்வை தைப்பவர் வீட்டில் ஒரே துணி மூட்டையாகக் கிடக்கும். வேண்டிய நிறத்தில் ஒரு முழம் இருக்காது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் இந்தச் சங்கடம் இன்னும் கூடுதல். செட்டிநாட்டின் கட்டம்போட்ட பருத்திக் கைத்தறிச் சேலையான கண்டாங்கி, ஐந்தரை மீட்டரில் ஒன்றின் பரப்பு, இரட்டைக் கட்டில் போர்வையின் மேல்பக்கம் முழுவதையும் மூடப் போதும். பல நிறம் கலந்து தைப்பவருக்கு அதில் கால்வாசிகூடச் செலவாகாது. மிச்சத்தைத் தோழிகளோடு மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். எப்படி மாற்றுவது என்பதில்தான் மனத்தாங்கல் வருகிறது. எதிரில் இருப்பவரின் கை உங்களுக்கு எவ்வளவு பழக்கமோ, அதற்கேற்ற வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எடைக்கு எடை

பார்க்க மிக நியாயமாக இருக்கும், நான்கில் நியாயம் குறைந்தது இதுதான். சதுர மீட்டருக்கு 120 கிராம் உள்ள பாப்ளினை 100 கிராம் கொடுத்தால், அதில் 0.83 சதுர மீட்டர் இருக்கும். 160 கிராம் உள்ள முரட்டுக் கைத்தறியில் அதே 100 கிராம் 0.63 சதுர மீட்டர்தான். பத்து அங்குலத் துண்டாகக் கணக்குப் போட்டால் ஒருவருக்கு 12 கிடைக்கும், மற்றவருக்கு 9. புதுச் சேலையில் கஞ்சி இருந்தால் அதுவும் எடையில் சேரும். கரையும் முந்தியும் உடல் பகுதியைவிடக் கனம், அவற்றையும் தராசில் வைத்தால் பேச்சு வளரும்.

நறுக்குத் துணிகளுக்கு மட்டும் இது சரி. அப்போதும் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்: அகலம் 2 அங்குலத்துக்கும் நீளம் 6 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. இரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் 2 அங்குலத்தில் ஒன்றரைதான் வெளியே தெரியும். அதற்கும் கீழே உள்ளதை மாற்றுக்குக் கொண்டுவருவது, குப்பையை அடுத்த வீட்டில் கொட்டுவதுதான்.

துண்டுக்குத் துண்டு

புதிதாகச் சேரும் குழுவுக்கு நாம் சொல்வது இது. எல்லோரும் ஒரே அளவில் வெட்டி, எண்ணிக்கைக்கு எண்ணிக்கை மாற்றிக்கொள்வது. வெளிநாட்டில் கடைகளே இப்படி வெட்டி விற்கின்றன. 5 அங்குலச் சதுரமும் 10 அங்குலச் சதுரமும் அங்கே வழக்கமான அளவுகள்.

இரண்டில் எது? தைத்தபின் 5 அங்குலம் நாலரை ஆகும். 90க்கு 108 அங்குலப் போர்வைக்கு குறுக்கே 20, நீளவாக்கில் 24, மொத்தம் 480 துண்டு வேண்டும். பூப்போட்ட சன்னத் துணிக்கு இது அழகு. கண்டாங்கியின் அகலக் கட்டத்தை 5 அங்குலத்தில் வெட்டினால் கட்டம் உடைந்து, ஒரு கோடும் ஒரு மூலையுமாகத்தான் நிற்கும். அரக்கும் கருப்பும் எதிரெதிரே நிற்கும் அந்த வீச்சு போய்விடும். ஆகவே கண்டாங்கிக்கு 10 அங்குலம். சிறியது வேண்டுபவர் நான்காக நறுக்கிக்கொள்ளலாம், சிறியதைப் பெரிதாக்க முடியாது.

ஆறு பேர் சேர்ந்தால் கணக்கு எளிது. ஒவ்வொருவரும் ஒரே துணியில் 48 துண்டு வெட்டவேண்டும்: ஐந்து பேருக்கு எட்டு எட்டு, தனக்கு எட்டு. கரையைத் தள்ளிவிட்டுக் குறுக்கே நான்கு துண்டு வந்தால் மூன்றே கால் மீட்டர் போதும். மூன்றுதான் வந்தால் நாலே கால் மீட்டர் எடுத்துவையுங்கள். கடைசியில் ஒவ்வொருவர் கையிலும் ஆறு துணி, 48 துண்டு. ஆறுக்கு எட்டாக அடுக்கித் தைத்தால் 57க்கு 76 அங்குலம், ஒற்றைக் கட்டிலுக்கு ஆகும்.

கெடுவது எங்கே? முதலில் சாயம். அரக்கு, கருப்பு, கடுஞ்சிவப்பு மூன்றையும் சோதிக்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கிண்ணத்தில் சூடான நீர் விட்டுத் துணியையும் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டையும் அரை மணி நேரம் ஊறவையுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், நூலில் ஒட்டாத சாயம் இன்னும் மிச்சம் இருக்கிறது. கல் உப்பில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்பது நம் வீடுகளில் நெடுநாளைய நம்பிக்கை. உப்பு, சாயம் ஏற்றும் தொட்டியில் சாயம் நூலுக்குள் போக உதவுவது; ஏற்றி முடித்த துணியில் அது எதையும் பூட்டாது. முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பிறகு சூடான நீரில் சோப்பு போட்டு, நீர் தெளியும்வரை திரும்பத் திரும்பக் கழுவுவதுதான் வழி.

அடுத்தது சுருக்கம். கழுவாத பருத்தி 100க்கு 3 முதல் 5 வரை சுருங்கும். 10 அங்குலத் துண்டில் அது அரை அங்குலம்வரை போகும். கழுவியதும் கழுவாததும் ஒரே போர்வையில் சேர்ந்தால் முதல் சலவையிலேயே ஒரு பக்கம் கொசுவம் விழும். வெட்டியபின் கழுவினால் ஓரம் நூல் பிரிந்து அளவு போய்விடும். கழுவி, காயவைத்து, இஸ்திரி போட்டு, அதன்பின் கத்திரி.

கைத்தறியில் இன்னொன்றும் உண்டு. ஊடை (குறுக்கு நூல்) அடிக்கும் அழுத்தம் தறியில் கைக்குக் கை, நாளுக்கு நாள் மாறும். கட்டம் எல்லாம் உண்மையில் சதுரமாக இருப்பதில்லை. கட்டக் கோட்டைப் பார்த்து வெட்டினால் அளவு தவறும், அளவுகோலைப் பார்த்து வெட்டினால் கோடு சாய்ந்து தெரியும். மாற்றுக்கு அளவுகோலே பெரிது. ஒரு பக்கத்தை மட்டும் பாவு (நெடுக்கு) நூலோடு ஒட்டி வெட்டி, மற்ற மூன்றையும் மூலைமட்டத்தை வைத்து எடுங்கள். பல் கத்திரியால் வெட்டுபவர் இருந்தால், பல்லின் நுனியிலிருந்து அளப்பதா, பள்ளத்திலிருந்தா என்று முன்கூட்டிப் பேசிவையுங்கள். சின்ன விஷயம்தான், 48 துண்டில் பெரிதாகும். ஒரு வசதியும் இருக்கிறது: நூலிலேயே சாயம் ஏற்றி நெய்ததால் கட்டத்துக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் கிடையாது, திருப்பித் தைத்தாலும் தெரியாது.

கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி விற்பதெல்லாம் பருத்திதானா என்று சந்தேகம் வந்தால், இரண்டு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாடையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகும்.

ஆச்சிமார் பெட்டியிலிருந்து வரும் பழஞ்சேலைகளுக்கு ஆசைப்படாதவர் இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடுப்பில் செருகும் இடமும் உட்காரும் இடமும் நூல் விலகித் தெரியும். இரு கையாலும் குறுக்கே இழுக்கும்போது ‘பர்’ரென்று சத்தம் கேட்டால் அந்தப் பகுதி மாற்றுக்கு ஆகாது. பழையதைப் பழையதோடு மாற்றிக்கொள்வதுதான் முறை. புதுத் துணிக்குப் பதிலாகக் கொடுத்தால் வாங்கியவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், அடுத்த முறை வரவும் மாட்டார்.

தைத்த பிளாக்

ஒவ்வொருவரும் ஒரு பிளாக்கை, அதாவது பல துண்டுகளைச் சேர்த்த ஒரு சதுரத்தை, தைத்து முடித்துக் கொடுப்பது. 1840களில் அமெரிக்கப் பெண்கள் பிளாக்கில் தங்கள் பெயரை மையால் எழுதித் தோழிக்குக் கொடுத்தார்கள். இடம்பெயர்ந்து போகும் தோழியோடு அந்தப் பெயர்களும் போயின. நட்புக்கு இதைவிட நெருக்கமான முறை கிடையாது, தையலுக்கு இதைவிட ஆபத்தானதும் கிடையாது.

காரணம் தையலுக்கு விடும் கால் அங்குலம். ஒருவர் அதைவிட 1/16 அங்குலம் கூடுதலாகப் பிடித்துத் தைத்தால் ஒரு தையலுக்கு 1/8 அங்குலம் குறையும். நாலுக்கு நாலு துண்டு சேர்ந்த பிளாக்கில் ஒரு வரிசைக்கு உள்ளே மூன்று தையல். பன்னிரண்டரை அங்குலம் வரவேண்டிய பிளாக் 3/8 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் குறைந்து வரும். தொடங்கும் முன் எல்லோரும் சோதனை ஒன்று செய்யவேண்டும்: ஒன்றரை அங்குலப் பட்டை மூன்றைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்தால் நடுப்பட்டை சரியாக 1 அங்குலம், மொத்தம் மூன்றரை இருக்கவேண்டும். இல்லையென்றால் ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி மிஷின் தட்டில் டேப் ஒட்டிக்கொண்டு மறுபடி தையுங்கள். துணியை அழுத்தும் மிஷின் பாதத்தின் ஓரத்தை நம்பாதீர்கள், அது மிஷினுக்கு மிஷின் வேறு.

ஆத்தங்குடித் தரைக்கல் டிசைனைப் பிளாக்காக்கும் ஆசை இங்கே எல்லோருக்கும் வரும். நான்கு கல் கூடினால்தான் பூ முழுமையாகும் வகையை மட்டும் மாற்றுக்கு எடுக்காதீர்கள். நான்கு பேர் தைத்த நான்கு மூலை நடுவில் சந்திக்கும் இடத்தில் எல்லார் பிழையும் ஒன்றாகக் கூடும். ஒரே கல்லில் முடியும் டிசைனை எடுத்து, பிளாக்குகளுக்கு நடுவே 2 அங்குலப் பட்டை கொடுத்தால் சிறு குறைகளை அதில் சமாளித்துவிடலாம்.

சுற்று

ஒருவர் நடுப்பகுதி தைத்து அனுப்ப, அடுத்தவர் அதைச் சுற்றி ஒரு பட்டை சேர்த்து அடுத்தவருக்கு அனுப்புவது. நான்கு பேருக்கு மேல் வேண்டாம், ஆளுக்கு ஒரு மாதக் கெடு. பட்டையின் நீளத்தை ஓரத்தில் அளக்காமல், துணியின் நடுவே அளந்து வெட்டுங்கள்; ஓரம் இழுபட்டு நீண்டிருக்கும், அந்த அளவில் வெட்டினால் பட்டை அலை அலையாக நிற்கும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து தைப்பவர்களுக்கு மட்டுமே இது. மூட்டை ஒரு வீட்டில் தங்கிவிட்டால் கேட்கவும் முடியாது, விடவும் முடியாது.

எந்த வழியானாலும் மொய் நோட்டு போல ஒரு நோட்டு போட்டுவிடுங்கள். ஒரு அங்குல மாதிரித் துண்டை ஒட்டி, பக்கத்தில் யார் கொடுத்தது, எத்தனை, கழுவியதா, எத்தனை அலசலில் நீர் தெளிந்தது என்று எழுதவேண்டும். பத்து அலசலுக்கும் தெளியாத அரக்கு உங்களிடம் இருந்தால் மாற்றுக்கு எடுத்து வராதீர்கள். அடர்நிறப் பைக்கு அது நன்றாகவே ஆகும்.