ஸ்பான்ஜ் ஃபில்டர்: சின்ன மீன் டேங்குக்கு தாராளமா போதும்
ஏர் பம்ப்ல ஓடுற சாதாரண ஸ்பான்ஜ் ஃபில்டர்தாங்க, ஆனா மீன் கழிவு, மிச்ச தீனியில இருந்து வர்ற, மீனுக்கு விஷமான அம்மோனியாவ இந்த ஸ்பான்ஜுல தங்குற பாக்டீரியா நைட்ரைட்டாக்கி அப்புறம் நைட்ரேட்டாக்கிடுது, அதான் மெயின் வேலையே. தண்ணி பளிச்சுனு இருந்தாலும் நம்பாதீங்க, டெஸ்ட் கிட்ல அம்மோனியா 0 காட்டணும். புது டேங்க்னா பாக்டீரியா செட்டாக 4-6 வாரம் ஆகும், அதுக்குள்ள மீன நிறைய விட்டுடாதீங்க ப்ளீஸ். ஸ்பான்ஜ குழாய் தண்ணில கழுவுனா குளோரின் பாக்டீரியாவ கொன்னுடும், டேங்க்ல எடுத்த தண்ணியிலயே பிழிங்க, பிரவுன் கலர்ல அழுக்கு வரும், அவ்ளோதான். குட்டி மீன உள்ள இழுக்காது, எனக்கு ரொம்ப பிடிச்சதே அதான். ஒரே குறை பம்ப் சத்தம், அதுக்காக ராத்திரி ஆஃப் பண்ணாதீங்க, பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேணும். நைட்ரேட் மட்டும் இதுல போகாது, வாரம் 25% தண்ணி மாத்தியே ஆகணும்.