கிரீட்: எலஃபோனிசிக்கு மூன்று நட்சத்திரம், லூத்ரோவுக்கு ஐந்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டோவில் பார்த்த எலஃபோனிசி கடற்கரையின் இளஞ்சிவப்பு மணலுக்காகத்தான் நாங்கள் கிரேக்க நாட்டுத் தீவான கிரீட்டுக்குப் போனோம். திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகியும் நானும் மனைவியும் பேசிக்கொண்டிருப்பது அந்த மணலைப் பற்றி இல்லை, கார் போகவே வழியில்லாத லூத்ரோ என்ற துக்கடா ஊரைப் பற்றி.

தீவு பெரியது, கிழக்கு மேற்காக சுமார் 260 கிலோமீட்டர். ஒரு வாரத்தில் முழுத் தீவையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் வாரம் காருக்குள்ளேயே போய்விடும். அதனால் மேற்கு மூலை மட்டும் போதும் என்று முடிவு செய்து, செப்டம்பர் கடைசியில் சானியா நகரத்தில் இறங்கினோம் (நாம் சானியா என்று எழுதினாலும் அங்கே வாய்விட்டுச் சொல்லும்போது ‘ஹன்யா’தான், பஸ் ஸ்டாண்டில் இது தெரியாமல் கொஞ்சம் திண்டாடினேன்). வெனிஸ்காரர்கள் கட்டிய பழைய துறைமுகம், முனையில் கலங்கரை விளக்கம், சாயங்கால வெளிச்சம், எல்லாம் அழகுதான். ஆனால் தண்ணீரை ஒட்டி இருக்கும் உணவகங்களில் வாசலிலேயே ஆள் நின்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிறார்கள். இரண்டு சந்து உள்ளே போங்கள், சாப்பாடும் நன்றாக இருக்கும், பில்லும் குறையும்.

அப்புறம் வாடகைக் கார். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் நடக்கிற கதைதான். கவுண்டரில் ‘ஃபுல் இன்ஷூரன்ஸ்’ என்று சிரித்த முகமாகச் சொன்னார்கள். டயரும் வண்டியின் அடிப்பகுதியும் அதில் சேராது, மண் ரோட்டில் ஓட்டினால் இன்ஷூரன்ஸே செல்லாது என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. பாலோஸ் கடற்கரைக்குப் போகிற கடைசி எட்டு கிலோமீட்டர் கல்லும் புழுதியுமான மண் ரோடு. போனோம், டயர் கிழிந்தது, பணம் கட்டினோம். மேலே நின்று அந்தப் பச்சை நீலக் காயலைப் பார்த்தபோது கோபம் பாதி இறங்கியது என்பது உண்மை, ஆனால் நீங்கள் கிசாமோஸ் துறைமுகத்திலிருந்து படகில் போய்விடுங்கள்.

சரி, எலஃபோனிசி. சானியாவிலிருந்து ஒன்றரை மணி நேரம், வழியெல்லாம் மலைப் பாதை. மணல் இளஞ்சிவப்பா என்றால், ஆமாம், அலை தொடும் விளிம்பில் ஒரு பட்டையாக. மிக நுண்ணிய கடல் உயிரிகளின் ஓடுகள் பொடிந்து மணலோடு கலப்பதால் வருகிற நிறம் அது. தண்ணீர் முழங்கால் அளவுதான், எதிரே இருக்கும் குட்டித் தீவுக்கு நடந்தே போகலாம், குழந்தைகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான கடல் கிடைக்காது. ஆனால் பத்து மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறது கூட்டம். குடை, சாய்வு நாற்காலி, அதற்கு வாடகை, பக்கத்து நாற்காலிக்காரரின் பாட்டு. மணலை அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்று தடை இருந்தும் ஒருவர் பாட்டிலில் நிரப்பிக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டிய இடம்தான், காலை எட்டரைக்குள் போய் பதினொன்றுக்குக் கிளம்பிவிட வேண்டும். பக்கத்திலேயே பாறைமேல் கிரிசோஸ்கலிதீசா மடம் இருக்கிறது. அதன் படிகளில் ஒன்று தங்கத்தாலானது, பாவம் செய்யாதவர் கண்ணுக்குத்தான் தெரியும் என்று ஐதீகம். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை, அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

நான்காம் நாள் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விடிவதற்கு முன் பஸ் பிடித்து மலைமேல் இருக்கும் ஒமலோஸ் போய் சமாரியா பள்ளத்தாக்கில் இறங்கினோம். பயணம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் தொடங்கி கடல் மட்டம் வரை 16 கிலோமீட்டர், முழுக்க இறக்கம். இறக்கம்தானே என்று நினைக்காதீர்கள், முதல் ஒரு மணி நேரத்திலேயே முழங்கால் கெஞ்ச ஆரம்பித்துவிடுகிறது. பாதி வழியில் ஆளில்லாத சமாரியா கிராமம். 1962இல் தேசியப் பூங்கா ஆக்கியபோது அங்கிருந்த குடும்பங்களை வெளியேற்றிவிட்டார்கள், கல் வீடுகள் மட்டும் நிற்கின்றன. கிரி-கிரி என்கிற காட்டாடு ஒன்று எங்கள் ரொட்டியை மோப்பம் பிடித்தபடி சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் ‘இரும்புக் கதவுகள்’ என்ற இடத்தில் இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக எழும்பி நடுவில் நாலு மீட்டர்கூட இல்லாத இடைவெளி, அதில் ஓடை, ஓடைமேல் பலகை. அங்கே யாரும் பேசுவதில்லை. நுழைவுச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், வெளியே வரும்போது வாங்கிப் பார்க்கிறார்கள், உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று கணக்குப் பார்க்க அதுதான் வழி. நடக்க முடியாமல் போனவரைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிக் கொண்டுவந்ததையும் பார்த்தோம், அதனால் செருப்போடு வராதீர்கள்.

பள்ளத்தாக்கு முடிகிற அயா ரூமெலிக்கும் ரோடு இல்லை, படகுதான். பெரும்பாலானவர்கள் அதே படகில் ஹோரா ஸ்ஃபாக்கியோன் போய், அங்கே காத்திருக்கும் பஸ்ஸில் சானியா திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் நடுவில் லூத்ரோவில் இறங்கிவிட்டோம்.

லூத்ரோ என்றால் ஒரு வளைந்த குடா, அதன் ஓரமாக ஒரு வரிசை வெள்ளை வீடுகள், நீல ஜன்னல்கள், முதுகுக்குப் பின்னால் சட்டென்று எழும்பும் மொட்டை மலை. அவ்வளவுதான் ஊர். வண்டிச் சத்தம் இல்லை என்பது முதல் இரவு படுக்கும்போதுதான் உறைத்தது, தண்ணீர் கல்லில் உரசுவதும் மேலே எங்கோ ஆட்டு மணியும் மட்டும். ஒரு மணி நேரம் மலையோரப் பாதையில் நடந்தால் கிளிக்கா நெரா, அதாவது ‘இனிப்புத் தண்ணீர்’ கடற்கரை. கூழாங்கல்லைக் கையால் கிளறினால் கடலுக்கு நாலடி தள்ளி நல்ல தண்ணீர் ஊறுகிறது, ஐஸ் போல. ஆற்று மணலில் ஊற்று தோண்டிக் குடித்து வளர்ந்தவள் என் மனைவி, “ஏங்க, இங்கயும் ஊத்துங்க!” என்று கத்தியதில் பக்கத்தில் படுத்திருந்த ஜெர்மன்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு இரவுக்குத்தான் அறை எடுத்திருந்தோம். மூன்றாம் நாள் காற்று பலமாகி படகை நிறுத்திவிட்டார்கள். விவிலியத்தில் பவுல் ஏறிய கப்பல் குளிர்காலத்தைக் கழிக்க கிரேத்தா தீவின் (கிரீட்தான் அது) பேனிக்ஸ் துறைமுகத்துக்குப் போகப் பார்த்து, கடுங்காற்றில் மாட்டிப் போய்ச் சேராமலே விட்டதே, அந்தப் பேனிக்ஸ் இந்த இடம்தான் என்கிறார்கள். அவருக்கு வர முடியவில்லை, எங்களுக்குப் போக முடியவில்லை. விடுதிக்காரப் பாட்டி தோளைக் குலுக்கிவிட்டு ஸ்ஃபாக்கியா பிட்டா போட்டுக் கொடுத்தார். பாலாடைக்கட்டியை உள்ளே வைத்து மெல்லிசாகத் தட்டி, வாணலியில் சுட்டு, மேலே தேன் ஊற்றுவது. பருப்புக்குப் பதில் பாலாடை வைத்த போளி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளுக்கு அறை வாடகையில் பாதிதான் வாங்கினார்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். நோன்பு நாட்களில் மாமிசம் தொடாத வழக்கம் அங்கே உண்டு, அதனால் வேகவைத்த காட்டுக்கீரை, தக்காளிக்குள் அரிசி அடைத்த கெமிஸ்தா, காய்ந்த பார்லி ரொட்டிமேல் தக்காளி துருவிய தாக்கோஸ், சுரைக்காய் வகையும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட பூரெக்கி என்று ஒரு வாரமும் ஓட்டினோம். காரம்தான் கிடையாது, ஒரு ஊறுகாய் பாட்டில் பையில் இருக்கட்டும். சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலே ராக்கி என்கிற திராட்சைச் சாராயம் வரும், காசு இல்லை, குடிக்காவிட்டால் கூட வருகிற பழத்தையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

குறை என்றால், கழிப்பறையில் காகிதத்தைக் கூடையில்தான் போட வேண்டும், குழாய் அடைத்துக்கொள்ளுமாம். நமக்குத் தேவையான வாளியும் குவளையும் எங்கும் இல்லை. திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைத் தெற்குக் கரையில் வைக்காதீர்கள், காற்று யாரையும் கேட்டு அடிப்பதில்லை. அக்டோபர் கடைசியோடு விடுதிகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன, அதற்குள் போவதென்றால் அறைக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். கடல் பார்த்த அறை வேண்டும் என்று தனியாகக் கேட்கத் தேவையில்லை, லூத்ரோவில் கிட்டத்தட்ட எல்லாமே கடல் பார்த்ததுதான்.