பாபின் முன்னால் போடுவதா, மேலே போடுவதா?

வீட்டுக்குத் தையல் மெஷின் வாங்கப் போகிறவர்கள் எத்தனை விதத் தையல் வரும், பட்டன் துளை தானாகப் போடுமா, ஊசியில் நூல் கோக்க வசதி உண்டா என்று விசாரிப்பார்கள். கீழ்நூலைச் சுற்றி வைக்கும் சின்ன உருளையான பாபின் எங்கே உட்காருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. வாங்கிய பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஊசித் தகட்டுக்குக் கீழேதான் பிறக்கின்றன. அதனால் நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். எல்லாவற்றையும் எடைபோட்டு நான் தேர்ந்தெடுத்தது முன்பக்க வகை.

முன்பக்க வகையில் பாபினை ஓர் உலோகக் கேஸுக்குள் போட்டு, கேஸோடு சேர்த்து மெஷினின் முன்கதவு வழியாக, மேல்நூலைப் பிடிக்கும் கொக்கி உள்ள பாகமான ஷட்டிலில் பொருத்துவோம். மேல்பக்க வகையில் ஊசிக்கு முன்னால் உள்ள மூடியைத் தள்ளி, பாபினை அப்படியே உள்ளே இறக்கிவிடுவோம். அங்கே கேஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக்; அது மெஷினுக்குள்ளேயே இருக்கும்.

மேல்பக்க வகையின் நல்ல குணங்களை மறுக்க முடியாது. மூடி கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் எவ்வளவு நூல் மிச்சம் என்று தைக்கும்போதே தெரியும். நீளமான மேல்தையல் பாதியில் அறுந்து நிற்காது. பாபின் மாற்றச் சில நொடிகள் போதும், மெஷினின் முன்னால் உள்ள பெட்டித்தட்டைக் கழற்ற வேண்டாம். கொக்கி ஒரே திசையில் சுழலும் மாடல்களில் சத்தமும் அதிர்வும் குறைவு. முன்பக்க வகையில், விலை குறைந்த வீட்டு மெஷின்களில் ஷட்டில் முன்னும் பின்னுமாக அரைச்சுற்று ஆடும். வேகமாக ஓட்டினால் மேசை அதிரும். இவையெல்லாம் கடையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தாலே புலப்படும். கடையில் தெரியாத விஷயம் வேறு: கீழ்நூலின் இறுக்கம் யார் கையில் இருக்கிறது?

தையல் சரியாக விழ, மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவில் பின்ன வேண்டும். மேல்நூலுக்கு டென்ஷன் திருகு இருக்கிறது. கீழ்நூலை இறுக்குவது கேஸின் பக்கவாட்டில் உள்ள ஒரு மெல்லிய தகட்டு ஸ்பிரிங். முன்பக்க வகையில் அந்தக் கேஸ் உங்கள் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. பாபினைப் போட்டு, நூலை ஸ்பிரிங்குக்கு அடியில் இழுத்து, நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாக வழுக்கி இறங்கக் கூடாது. மணிக்கட்டை லேசாகச் சுண்டினால் 3 முதல் 5 செ.மீ. இறங்கி நிற்க வேண்டும். சுண்டியும் அசையாவிட்டால் இறுக்கம் அதிகம். கடகடவென்று இறங்கினால் தளர்வு. சாதாரண பாலியஸ்டர் நூலுக்கு இந்தச் சோதனை ஒன்றே போதும்.

சரிசெய்வதும் உங்கள் வேலைதான். ஸ்பிரிங்கில் இரண்டு திருகுகள் இருந்தால் பெரும்பாலும் பெரியதுதான் இறுக்கத்துக்கானது; சிறியது ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது, அதைத் தொடாதீர்கள். திருப்பும் முன் திருகின் வெட்டு எந்தப் பக்கம் நிற்கிறது என்று மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வலப்பக்கம் இறுகும், இடப்பக்கம் தளரும். கடிகாரத்தில் பெரிய முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்குமேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். கீழே ஒரு தட்டை வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்தத் திருகு விழுந்தால் தேடுவது பெரும்பாடு. இன்னொன்று, திருகைத் தொடும் முன்பே தடித்த காகிதத்தின் மூலையை ஸ்பிரிங்குக்கு அடியில் செருகி ஒரு முறை இழுங்கள். அங்கே சிக்கிய பஞ்சு நூலைத் தளரவிட்டிருக்கும். அது வெளியே வந்ததும் தையல் நேராகிவிடுவது உண்டு.

மேல்பக்க வகையிலும் ஸ்பிரிங்கும் திருகும் இருக்கின்றன. ஆனால் பல மெஷின்களில் அந்தத் திருகின் தலையில் பெயின்ட் வைத்து அடைத்திருப்பார்கள், தொட வேண்டாம் என்பதற்காக. கேஸைத் தொங்கவிட்டுப் பார்க்கும் வழியும் இல்லை. எல்லாவற்றையும் மேல்நூல் டென்ஷனை வைத்தே சமாளிக்க வேண்டும். பருத்தித் துணியும் சாதாரண நூலுமாகத் தைக்கும்வரை இதில் குறையே தெரியாது. ஜார்ஜெட்டில் தையல் சுருங்கும்போதும், தடித்த அலங்கார நூலைப் பாபினில் சுற்றித் துணியின் உள்பக்கத்திலிருந்து தைக்கும்போதும்தான் கை கட்டப்பட்டது போலாகும். முன்பக்க வகைக்காரர்கள் இதற்கென்று இரண்டாவது கேஸ் ஒன்றை வாங்கித் தளர்த்தி, அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளலாம். மேல்பக்க வகைக்கும் சில நிறுவனங்கள் தனிக் கேஸ் விற்கின்றன. ஆனால் உங்கள் மாடலுக்கே உரியதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மேல்பக்க வகையில் புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் நூலை வழியில் இடுவது. பாபினைப் போட்டு நூலை இழுக்கும்போது பெரும்பாலான மாடல்களில் அது இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். நூல் வெட்டுக்குள் போய் ஸ்பிரிங்குக்கு அடியில் நுழையாவிட்டால் கீழ்நூலுக்கு இறுக்கமே இருக்காது. துணியின் மேல்பக்கத்தில் கீழ்நூல் வளையமாக எட்டிப்பார்க்கும். மாறாக, அடிப்பக்கம் நூல் கூடு கட்டினால் பாபினைக் குறைசொல்லிப் பயனில்லை. அழுத்துப்பாதத்தைத் தூக்கி, மேல்நூலை முதலிலிருந்து மறுபடி கோர்த்துவிடுங்கள். அது டென்ஷன் தட்டுகளுக்கு இடையே உட்காராததுதான் காரணமாக இருக்கும். இது இரண்டு வகைக்கும் பொது.

ஊசி முறியும்போது வித்தியாசம் இன்னும் துலக்கமாகும். வளைந்த ஊசி பிளாஸ்டிக் கேஸின் விளிம்பில் குத்தினால் சின்னக் குழியும் பிசிரும் உண்டாகும். ஒவ்வொரு தையலிலும் மேல்நூல் அந்த விளிம்பைச் சுற்றித்தான் போகிறது. எனவே பிசிரில் மாட்டி அறும், அல்லது தையல் தப்பும். மெல்லிய பிசிரை மிக நைசான எமரித்தாளால் தேய்க்கலாம். குழி ஆழமென்றால் கேஸையே மாற்றியாக வேண்டும். முன்பக்க வகையின் எஃகு ஷட்டிலிலும் கீறல் விழும்தான். ஆனால் தேய்த்தால் வழவழப்பு திரும்பிவிடும். கொக்கியின் கூர்முனை உடைந்தால் மட்டும் ஷட்டிலை மாற்ற வேண்டும். ஊசி குத்தியதில் ஊசிக்கும் கொக்கிக்குமான டைமிங்கே விலகியிருந்தால் எந்த வகையானாலும் மெக்கானிக்கிடம் போவதே சரி.

சுத்தம் செய்வதில் முன்பக்க வகைக்கு வேலை அதிகம், பலனும் அதிகம். மின் இணைப்பைத் துண்டித்து, ஊசியை உச்சிக்கு ஏற்றி, கேஸை எடுங்கள். இரண்டு பக்கத் தாழ்களையும் விலக்கினால் ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையம் வரும், அதன்பின் நடுமுனையைப் பிடித்து ஷட்டிலை உருவலாம். பஞ்சைத் தூரிகையால் துடைத்து, ஷட்டில் விளிம்பு உரசி ஓடும் பள்ளத்தில் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். மாட்டிய பிறகு கறை வருவது நிற்கும் வரை கழிவுத் துணியில் தையுங்கள். மேல்பக்க வகையில் தகட்டைக் கழற்றிக் கேஸைத் தூக்கித் துடைத்தால் போதும். கையேடு சொல்லாமல் அங்கே எண்ணெய் விடக் கூடாது. திரும்ப வைக்கும்போது கேஸில் உள்ள குறியும் மெஷினில் உள்ள குறியும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு சக்கரத்தை உங்கள் பக்கமாகக் கையால் ஒரு முழுச்சுற்று சுற்றுங்கள். குறி விலகியிருந்து, இதையும் விட்டுவிட்டு மோட்டாரை அழுத்தினால் ஊசி நேராகக் கேஸில்தான் குத்தும். இரண்டிலுமே பஞ்சை வாயால் ஊத வேண்டாம், அது இன்னும் உள்ளே போகும்.

பாபினைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை: ‘கிளாஸ் 15’ (Class 15) என்ற அளவு பாபின் சுமார் 20.3 மி.மீ. விட்டமும் 11.7 மி.மீ. உயரமும் கொண்டது. பார்வைக்கு அதேபோல இருக்கும் ‘எல்’ (L) வகை 8.9 மி.மீ. உயரம்தான். மாற்றிப் போட்டால் கடகடக்கும், நூல் ஒரே சீராக வராது. பிளாஸ்டிக் பாபினுக்கென்று செய்த மேல்பக்க மெஷினில் உலோகப் பாபினைப் போடாதீர்கள்.

நான் சொல்வதெல்லாம் உடுப்பு, திரை, பை என்று வீட்டளவில் தைப்பவர்களுக்கு. தோலும் பல அடுக்குக் கான்வாஸும் நாள் முழுக்கத் தைப்பவர்கள் இந்தத் தராசில் நிறுத்துப் பார்க்கக் கூடாது. அதேபோல, கண்பார்வை மங்கியவர்கள், விரல் நடுக்கம் உள்ளவர்கள், கற்றுக்கொள்ளும் சிறுவர்கள் ஆகியோருக்கு யோசிக்காமல் மேல்பக்க வகையையே சொல்வேன். குனிந்து கேஸைப் பொருத்தித் தாழ் விழுந்ததா என்று தடவிப் பார்ப்பது அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சிரமம். பெரிய மெத்தை விரிப்புக்கு, தைக்கும் இடத்தை அகலமாக்கும் நீட்டுப்பலகை மாட்டித் தைப்பவர்களுக்கும் அதுவே தோது; முன்பக்க வகையில் பாபின் தீரும்போதெல்லாம் பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும்.

பழைய மெஷின் வாங்குவதானால், ஓட்டிப் பார்க்கும் முன்பே கீழ்ப்பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். முன்பக்க வகையில் ஷட்டிலை உருவி, துருவும் கொக்கி முனையும் பாருங்கள். மேல்பக்க வகையில் கேஸின் உள்விளிம்பை நகத்தால் ஒரு சுற்று தடவுங்கள். நகம் இடறினால் புதுக் கேஸின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.